ஜெர்மன் பிள்ளையிடம் தமிழில் பேசுங்கள்

“அண்ணே, ஒரு டீ. சீனி கம்மியா போடுங்க.”

சொன்னவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஆறடியைத் தாண்டிய உயரம், வெயிலில் சிவந்து தோல் உரிந்த மூக்கு, காலில் ரப்பர் செருப்பு. விருதுநகர் மாவட்டம் வன்னியம்பட்டி விலக்குப் பக்கம் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் பார்த்தேன். உச்சரிப்பில் லேசான இழுப்பு இருந்ததே தவிர, பேச்சில் பிழை ஒன்றும் இல்லை. டீ மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார், முகமெல்லாம் சிரிப்பு. “ஓகே சார்! லெஸ் சுகர்! ஒன் மினிட்!” என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “விச் கன்ட்ரி?” என்று கேட்டார். “ஜெர்மனி. இங்க பக்கத்துல ஸ்கூல்ல இருக்கேன்” என்று பையன் தமிழிலேயே சொன்னான். “ஓ, வெரி நைஸ் கன்ட்ரி” என்று அவர் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தார். பையன் மறுபடி மறுபடி தமிழுக்கு வந்தான். அவர்கள் மறுபடி மறுபடி அவனை ஆங்கிலத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவும் பிரியத்தில் செய்ததுதான். டீக்குக் காசுகூட வாங்கவில்லை.

இங்கே வந்து தங்கும் ஒரு ஜெர்மன் இளைஞருக்கு நம் ஊர்ப் பக்கத்து அன்றாட வாழ்க்கையில் எதெல்லாம் புதிதாகத் தெரிகிறது? இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வெயில், காரம், கோயில் கொடை, கல்யாண வீடு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகலாம். அவற்றில் சிலதை எழுதவும் செய்கிறேன். ஆனால் இந்தப் பிள்ளைகளையும் அவர்களை வைத்துப் பார்க்கும் வீடுகளையும் கவனித்தபோது, எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது இந்த மொழி விவகாரம்தான்.

வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கல்லூரிக்குள் நுழையும் முன் ஒரு வருடத்தை வெளியூரில் கழிக்க நினைப்பவர்கள். ஜெர்மனியின் பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகம் 2008-ல் ‘வெல்ட்வெர்ட்ஸ்’ என்ற தன்னார்வப் பணித் திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை இருக்கலாம் என்றாலும் முக்கால்வாசிப் பேர் ஒரு வருடம் இருக்கிறார்கள். புறப்படும் முன், நடுவில், திரும்பிய பின் என்று மொத்தம் 25 நாளாவது பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும். 2008-க்கு முன்பும் வந்தார்கள். 2011 வரை ஜெர்மனியில் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது. ராணுவம் வேண்டாம் என்றவர்கள் அதற்குப் பதில் வெளிநாட்டில் சமூகப் பணி செய்யவும் வழி இருந்தது. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம், விடுதி, மாற்றுத்திறனாளிகள் இல்லம், இயற்கை விவசாயப் பண்ணை என்று பல இடங்களில் இந்தப் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

நாம் நினைக்கிற கஷ்டம் வேறு, அவர்கள் படுகிற கஷ்டம் வேறு. காரத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். காரம் இரண்டு மாதத்தில் பழகிவிடுகிறது. ஜெர்மன் வீடுகள் பலவற்றில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை. ரொட்டி, சீஸ், ஒரு துண்டு வெள்ளரிக்காய், அத்துடன் முடிந்தது. அப்படி வளர்ந்த பிள்ளை, விருதுநகர்ப் பக்கத்து எண்ணெய்ப் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து ஒன்பது மணிக்குச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைக்கூட நமக்கே எடுத்துச் சொல்லும்.

சத்தமும் அப்படித்தான். அங்கே இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அமைதி நாள். சுவரில் துளை போடும் மெஷினை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். கடைகளும் பூட்டித்தான் இருக்கும். இங்கே பங்குனிப் பொங்கலுக்கு விடியற்காலை நாலரைக்கே குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கிறார்கள். அப்புறம் மில் சங்கையும் ஸ்பீக்கரையும் வைத்தே மணி பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

பழகாமல் நிற்பது வேறு ஒன்று. தனியாக இருக்க முடிவதில்லை. ஜெர்மனியில் பத்து வயதுப் பிள்ளைக்கே தனி அறை இருப்பது சாதாரணம். கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதும் படுத்துக் கிடப்பதும் அவர்களுக்கு மூச்சு விடுவதற்குச் சமம். இங்கே பகலில் அரைமணி நேரம் கதவைச் சாத்தினால், “என்ன தம்பி, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?” என்று அம்மா தட்டுவார். பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டு அத்தையும் வருவார். பிறகு கஷாயமும் வரும். தனியாக விடுவது அலட்சியம் என்பது நம் கணக்கு. தனியாக விடுவதுதான் மரியாதை என்பது அவர்கள் கணக்கு. இதைச் சண்டையில்லாமல் பேசித் தீர்க்கலாம். தீர்க்க வேண்டுமானால் கஷாயம் கொண்டுவந்த அத்தைக்குப் புரிகிற மொழியில் அந்தப் பையன் பேச வேண்டும். “ஐ நீட் மை ஸ்பேஸ்” என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னால், வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆளான கல்லூரிப் பெண் அதை “ரூம் பத்தலையாம்” என்று அம்மாவிடம் சொல்வாள். அம்மா மனம் வாடிப்போவார்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் கவனிக்காமலே அவர்களைக் குத்திவிடுகிற விஷயம். ஜெர்மனி என்றதும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு நாக்கில் முதலில் வருவது ஹிட்லர் பெயர்தான். சிலர் கட்டை விரலை உயர்த்திக் காட்டியும் சொல்வதுண்டு. சுபாஷ் சந்திரபோஸ் பெர்லினில் இருந்த கதையும், ஐ.என்.ஏ.யில் சேர்ந்த நம் பக்கத்து ஆட்களின் கதையும் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஹிட்லர் வெள்ளைக்காரனை எதிர்த்தவன் என்ற ஒற்றை நினைப்பு. ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தது அறுபது லட்சம் யூதர்களைக் கொன்ற வரலாற்றை. வகுப்போடு வதைமுகாமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அந்தப் பெயரைப் பாராட்டாகக் கேட்கும்போது முகம் வெளிறிப்போகிறது. அதே போல, நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டினால் ஜெர்மனியில் தண்டனை உண்டு. அந்த நாட்டிலிருந்து வந்த பெண், புதுமனை புகுவிழா வீட்டு நிலைப்படியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து வரைந்த ஸ்வஸ்திக்கைப் பார்த்தால் ஒரு நிமிடம் திகைத்து நிற்கத்தான் செய்வாள். நம் சின்னம் மங்கலமானது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் ஏன் வலிக்கிறது என்பதை அவள் நமக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் பாதி மட்டும் தெரிந்த ஆங்கிலத்தில் இந்தப் பேச்சு நடக்காது. நடந்தாலும் “வெரி பேட், வெரி பேட்” என்பதோடு நின்றுவிடும்.

நேரம் தவறுவதைப் பற்றி அவர்கள் குறைப்படுவதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பஸ் தாமதம், கூட்டம் தாமதம் எல்லாம் அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுக்க முடியாதது, வராது என்று தெரிந்தும் வரும் என்று சொல்வது. ஜெர்மன்காரர் இல்லை என்றால் இல்லை என்பார். முகத்துக்கு நேரே சொல்வார். அது அங்கே நேர்மை. நாம் ஒருவரை நோகடிக்காமல் இல்லை சொல்வதற்கென்றே நூறு வழி வைத்திருக்கிறோம். “பாப்போம் தம்பி”, “நாளைக்கு ஞாபகப்படுத்துங்க”, “செஞ்சிரலாம், செஞ்சிரலாம்”. தமிழ்க் காதுக்கு அந்த இழுப்பிலேயே விஷயம் விளங்கிவிடும். அதையே ஆங்கிலமாக்கி “டுமாரோ, ஷ்யூர்” என்று சொல்லும்போது இழுப்பும் இல்லை, குறிப்பும் இல்லை. வெறும் வாக்குறுதி மட்டும் மிஞ்சுகிறது. பையன் மறுநாள் காலை எட்டு மணிக்குச் சைக்கிளோடு வந்து நிற்கிறான். தமிழில் தன்மையாக இருப்பது ஆங்கிலத்தில் பொய்யாகப் போய்விடுகிறது. அவன் ஊருக்குத் திரும்பி, இந்தியர்கள் வாக்கைக் காப்பாற்ற மாட்டார்கள் என்று சொன்னால் அதற்குப் பாதிக் காரணம் நாம் பேசின ஆங்கிலம்.

நான் பார்த்த வரையில், வருகிறவர்களில் பெண் பிள்ளைகளே தமிழை நன்றாகப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே கட்டுப்பாடு அதிகம். ஏழு மணிக்கு மேல் வெளியே போகாதே, துப்பட்டா போடு, தனியாக மலைப் பக்கம் போகாதே என்று வீட்டார் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பதினாறு வயதில் சட்டப்படி பீர் வாங்கிக் குடிக்கலாம் என்ற நாட்டிலிருந்து, வளர்ந்ததும் வீட்டை விட்டுத் தனியாகக் குடியிருக்கப் போகும் வழக்கத்திலிருந்து வந்த பெண்ணுக்கு இது மூச்சு முட்டும். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டால் அவள் சாயங்காலம் முழுக்க அடுப்படியில் இருக்கிறாள், அடுப்படியில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை.

ஒரு வீட்டில் பார்த்தேன். தரையில் அருவாமனையைப் போட்டு, ஒரு காலை மடித்து அதன் கட்டையை அமுக்கிக்கொண்டு, அந்த ஜெர்மன் பெண் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் காய்க்குக் கொண்டுபோய்ப் பழகியவளுக்கு, காயைக் கத்திக்குக் கொண்டுபோவது தலைகீழ்ப் பாடம். விரல் அலகுக்குப் பக்கம் போகும்போதெல்லாம் பாட்டி, “கையப் பாத்து தாயி, பைய, பைய” என்பார். அந்த ஒரு சாயங்காலத்தில் அவள் காதில் விழுந்த தமிழ் எவ்வளவு! எடு, வை, நறுக்கு, பொடுசா, இன்னும் பொடுசா, போதும், அலசு, வடி. அவள் திருப்பிச் சொன்னதில் தப்பு வந்தால் பாட்டி சிரித்துவிட்டு மறுபடி சொல்லிக்கொடுத்தார். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது கிடைக்காது. அதே வீட்டுக்கு ஆண் பிள்ளை வந்திருந்தால், திண்ணையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவவிடாமல், கல்லூரியில் படிக்கும் அண்ணனை ஆங்கிலம் பேசத் துணைக்கு விட்டிருப்பார்கள். வருடம் முடிந்து அவன் போகும்போது “நல்லாருக்கு”, “போதும்”, “வாங்க” என்ற அளவோடு போவான்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, ஆங்கிலம் அவனுக்கு யாரைக் காட்டுகிறது, யாரை மறைக்கிறது என்பது. ஊரில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் யார்? தலைமை ஆசிரியர், தொண்டு நிறுவனத்துச் செயலாளர், என்ஜினீயரிங் படித்த பையன்கள், நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள். அவன் வன்னியம்பட்டியை அறிவது அவர்கள் வாய் வழியாகத்தான். ராஜபாளையத்து நூற்பு மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து மில் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண் அவனுக்கு ஒரு முகம் மட்டும்தான். சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நாள் முழுக்க பேண்டேஜ் துணி ஓடுகிறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் போகிற சரக்கு அது. அவன் ஊரில் ஒரு பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் முழங்காலில் சுற்றுகிற துணிகூட இங்கே நெய்ததாக இருக்கலாம். அதை நெய்கிற அக்காவுக்கு என்ன கூலி, தறிச் சத்தத்தில் காது எப்படி இருக்கிறது, பிள்ளை எங்கே படிக்கிறது என்று அவனால் கேட்க முடிவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டியிடம் பேச முடிவதில்லை. ஊரின் எந்தத் தெருவுக்குத் தன்னைக் கூட்டிப்போகிறார்கள், எந்தத் தெருவுக்குக் கூட்டிப்போவதில்லை என்பதும் அவனுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். ஏன் என்று கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு பதில் கிடைக்கும். அந்தத் தெருவில் குடியிருக்கிறவரிடம் தமிழில் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். அந்த இரண்டாவது பதிலைக் கேட்காமல் நம் ஊரைவிட்டுப் போகிற எந்த வெளிநாட்டவரும் ஊரைப் பார்த்தவராக மாட்டார்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஒரே கப்பலில் வந்த இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் இதைச் சந்தித்தார்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்குவுக்கு அன்று 23 வயது. மறுநாள் 24 பிறந்தது. சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர்க்காரர். கூட வந்தவர் ஹென்ரிக் புளூட்சாவ். டென்மார்க் அரசர் அனுப்பிய மதபோதகர்கள் இருவரும். அன்றைக்குக் கடற்கரை ஊர்களில் வெள்ளைக்காரரும் அவரோடு பழகினவர்களும் பேசிய பொது மொழி போர்த்துகீசியம். இன்றைக்கு ஆங்கிலம் இருக்கும் இடத்தில் அது இருந்தது. புளூட்சாவ் போர்த்துகீசியத்தில் வேலை செய்தார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார்.

எப்படிப் படித்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டுக்கே பிள்ளைகளோடு வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் போட்டுப் பழகினார். வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. அதுவே நல்லதாகப் போயிற்று என்பேன். பொருள் விளக்குவதற்குப் பல மொழி தெரிந்த அழகப்பன் என்பவர் பிறகு வந்தார். ஓலைச் சுவடிகளை வாங்கி, வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சில மாதங்களில் பேசத் தொடங்கிவிட்டார். 1708-லேயே தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். டேனிஷ் கோட்டைத் தளபதியோடு மோதல் வந்து நான்கு மாதம் காவலில் கிடந்ததும் அந்த வருடக் கடைசியில்தான். 1716-ல் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. 1719-ல் தரங்கம்பாடியிலேயே இறந்தார், வயது 36. புளூட்சாவ் 1711-லேயே ஊர் திரும்பிவிட்டார். தமிழ்நாட்டில் இன்று எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

சீகன்பால்கு மதம் மாற்ற வந்தவர் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் தமிழ் கற்றதால் நேர்ந்த ஒரு காரியம் முக்கியமானது. 1712 முதல் 1714 வரை அவரும் அவரோடு இருந்தவர்களும் தமிழர்களிடம் கேள்விகளை எழுதி அனுப்பி, தமிழிலேயே பதில் கடிதம் வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. வழிபாடு, கல்யாணம், வைத்தியம், படிப்பு, விவசாயம் என்று நம் வாழ்க்கையை நம் ஆட்களே சொன்ன கடிதங்கள் அவை. கூடவே ஐரோப்பியரைப் பற்றிய தங்கள் குறைகளையும் தமிழர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். மாடு தின்கிறார்கள், குடித்துவிட்டு ஆடுகிறார்கள், உடல் சுத்தம் பார்ப்பதில்லை. இவ்வளவு வெளிப்படையாக ஒரு வெள்ளைக்காரனிடம் நம் ஆட்கள் பேசியது எப்படி? தங்கள் மொழியில் பேசினதால்தான். இன்றைக்கு வன்னியம்பட்டிக்கு வரும் பிள்ளையிடம் நாம் ஆங்கிலத்தில் சொல்வதெல்லாம் “வெரி நைஸ் கன்ட்ரி” மட்டும்.

நம் வட்டாரத்துக்கே நெருக்கமான இன்னொரு ஜெர்மன்காரர் உண்டு. பிரஷ்யாவில் 1790-ல் பிறந்த ரேனியஸ். 1814-ல் சென்னையில் வந்து இறங்கும்போது அவருக்கும் 23 வயதுதான். 1820-ல் திருநெல்வேலிச் சீமைக்கு, பாளையங்கோட்டைக்கு வந்தவர், 1838-ல் அங்கேயே இறந்தார். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்ததே. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரிந்தபோதுதான் அது கை மாறியது. விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது 1985-ல். ரேனியஸ் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் படித்தார். 1832-ல் ‘பூமி சாஸ்திரம்’ என்ற பூகோள நூலைத் தமிழில் எழுதி வெளியிட்டார். அறிவியலைத் தமிழில் அச்சுக்குக் கொண்டுவந்த முன்னோடி நூல்களில் ஒன்று அது. 1834-ல் அவருடைய தமிழ் இலக்கணம் ஆங்கிலத்தில் வந்தது. உலகம் உருண்டை என்பதை நம் பிள்ளைகளுக்கு நம் மொழியில் எழுதிக்கொடுத்தவர் ஒரு ஜெர்மன்காரர். இன்று அதே சீமையில், ஜெர்மன் பையனிடம் ‘உலகம்’ என்று சொல்லக்கூட நாம் தயாராக இல்லை.

ஒரு வருடத்துக்கு வருகிறவனுக்கு எதற்குத் தமிழ், அவனால் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்தால் லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பேசிப் பழக வேறு ஆள் இல்லை.

ஆனால் அந்த நியாயம் போய் நிற்கும் இடம் எது? வெள்ளைக்காரப் பையன் தெருவில் வந்தால் அம்மாமார் பிள்ளையைப் பிடித்து முன்னால் தள்ளி, “போ, இங்கிலீஷ்ல பேசு, பேசு” என்கிறார்கள். ஆங்கில மீடியத்துக்குக் கட்டின பணத்துக்கு அங்கேயே பரீட்சை. பிள்ளை கூச்சத்தில் பெயரைச் சொல்லிவிட்டு ஓடுகிறது. ஆங்கிலம் ஜெர்மன் பையனுக்கும் தாய்மொழி இல்லை என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவனும் பள்ளிக்கூடத்தில் படித்துத்தான் பேசுகிறான். இரண்டு பேரும் வாடகை மொழியில் தடுமாறுவதைப் பார்த்துப் பெற்றோர் பெருமைப்படுகிறார்கள். பிள்ளை அவனுக்கு ‘அணில்’ என்று சொல்லிக்கொடுக்கலாம். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988-ல் சரணாலயம் வந்த கதையைச் சொல்லலாம். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலை வெளியிட்ட கதையைச் சொல்லலாம். சொல்லிக்கொடுக்கிற இடத்தில் நம் பிள்ளை நிற்கும்போது வருகிற தைரியம், பரீட்சை எழுதுகிற இடத்தில் நிற்கும்போது வருமா? தன் மொழி வெளியூர்க்காரனுக்கு வேண்டாத மொழி என்று எட்டு வயதிலேயே அதற்குப் பாடம் எடுக்கிறோம். எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நம் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போவதற்கு என்னவெல்லாம் செய்கிறார்கள்? 2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் படித்த இந்திய மாணவர்கள் சுமார் 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் நமக்குத்தான். ஒரு வருடச் செலவுக்கென்று 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். 2024-ல் இந்தியத் தொழில்திறனாளர்களுக்கான விசாவை வருடத்துக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் பி2 நிலை வரை ஜெர்மன் தேற வேண்டும். ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக, வேலையை விட்டுவிட்டு, நகை அடகு வைத்து, மதுரையிலோ கோவையிலோ ஹாஸ்டலில் தங்கி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். அங்கே போனால் முதியோர் இல்லத்துப் பாட்டி ஆங்கிலத்தில் பேச மாட்டார். நகராட்சி அலுவலகத்துக் கடிதம் ஆங்கிலத்தில் வராது. குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது, காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்து 25 சென்ட் வாங்குவது எப்படி என்பதெல்லாம் ஜெர்மனில்தான் எழுதியிருக்கும். இதற்காக அவர்களை யாரும் கொடுமைக்காரர்கள் என்பதில்லை. தங்கள் ஊருக்கு வந்தவன் தங்கள் மொழியைப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். படித்தவனை வீட்டுக்குள் விடுகிறார்கள். நாம் ஏன் எதிர்பார்க்கக் கூடாது?

தமிழைக் கற்பிப்பதில் உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தில் ஒரு தமிழ், தெருவில் ஒரு தமிழ். வெளிநாட்டுப் பிள்ளை புத்தகத்தைப் படித்துவிட்டு, “நான் நாளை வருகிறேன்” என்று சொன்னால் டீக்கடையில் சிரிக்கிறார்கள். அதனால் அடுத்த தடவை பேசக் கூச்சப்படுகிறது. ஜெர்மனியிலேயே தமிழ் படிக்க வழி இருக்கிறது. இங்கே தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் பாடங்கள் நடத்துகிறது. இருந்தாலும் “மணி வாரானா, போயிட்டானா?” என்ற பேச்சைக் கற்றுத்தர ஊர்தான் பள்ளிக்கூடம். ராஜபாளையம் வட்டாரத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசிவிட்டு வாசலில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். இரண்டு மொழிக்கு நடுவே போய் வந்து பழகினவர்கள் நாம். மூன்றாவது ஆளுக்கு வழிகாட்ட நமக்குத் தெரியாதா?

பொதுவாக ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்த செட் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் தங்கவைக்கிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை ஆன்லைனில் பதிந்துவிட வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை முடிக்க வேண்டும். அந்த வேலைகளை முடித்த கையோடு, இன்னொன்றையும் செய்யுங்கள். முதல் நாளே அவர்களுக்கு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். தட்டைக் கழுவ விடுங்கள், காய் நறுக்க விடுங்கள், ஆணாக இருந்தாலும் அடுப்படிக்குள் விடுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளை அவர்களுக்கு வாத்தியாராக்குங்கள். கூட்டிப்போகாத தெருவுக்கும் கூட்டிப்போங்கள். அவர்கள் தமிழில் தப்பாகக் கேட்டாலும் தமிழில் பதில் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், புரியாவிட்டால் இரண்டாவது தடவையும் தமிழிலேயே சொல்லுங்கள்.